பாறைத் தடத்தில் குழுவாக ஆஃப்ரோடு பயிற்சி நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளோடு பாறைப் பாதையில் பழகலாம் என்று முடிவெடுத்த உடனே, பேச்சு முழுக்க வண்டியைச் சுற்றியே ஓடும். எந்த டயர், எவ்வளவு உயரம், மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச் இருக்கிறதா என்று. ஆனால் அந்த நாளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஒருவர் தலையில் விழுந்ததும் கேள்விகள் மாறிவிடும். எத்தனை பேரைக் கூப்பிடுவது, யார் வழி காட்டுவது, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? அப்படிப் பொறுப்பேற்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படிக்கும்போது ஒன்று புலப்படும்: பல பதில்கள் வண்டிக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியவை. பாறையில் ஓட்டக் கற்பதில் பாதி அங்கேதான் நடக்கிறது.

மணலிலும் சேற்றிலும் நன்றாக ஓட்டுவேன். பாறைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். சொல்லப்போனால், மணலில் நன்றாக ஓட்டுபவருக்குத்தான் முதல் அரை மணி நேரம் அதிகத் திண்டாட்டம். மணலில் வேகத்தை விட்டால் வண்டி புதையும். அதனால் ஆக்சிலரேட்டரை விடாமல் ஓட்டிப் பழகியிருப்பார். அதே பழக்கம் பாறையில் டயரைக் கிழிக்கும், ஆக்சிலை உடைக்கும். சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பாறையைப் பிடித்தால், அந்த அதிர்ச்சி முழுவதும் ஆக்சில் தண்டிலும் அதன் இணைப்புகளிலும் போய் இறங்கும். சேற்றில் வழுக்கி மன்னித்துவிடும் தவறு, பாறையில் இரும்பு முறியும் சத்தமாக வரும்.

பாறையில் ஒவ்வொரு சக்கரமும் எங்கே உட்காரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது கண்ணுக்கான பயிற்சி. கை கால் வேலை அப்புறம்தான்.

எத்தனை வண்டிகள் வரை கூப்பிடலாம்?

ஒரு பயிற்சியாளருக்கு நான்கு வண்டி என்பது என் கணக்கு. ஐந்துக்கு மேல் வேண்டாம். எட்டு வண்டி என்றால் இரண்டு பயிற்சியாளர், இரண்டு தனிக் குழு.

காரணம் எளிய பெருக்கல். ஒரு பாறைத் தடையைத் தாண்ட ஒரு வண்டிக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் என்று வையுங்கள். எட்டு வண்டிக்கு 80 நிமிடம் ஆகிவிடும். ஒருவர் பத்து நிமிடம் ஓட்டுவார், மீதி 70 நிமிடம் நிற்பார். மதியத்துக்குள் கூட்டம் கலைந்து நிழல் தேட ஆரம்பித்துவிடும். நான்கு வண்டி என்றால் 40 நிமிடத்தில் சுற்று முடியும். அதே தடையில் எல்லோரும் இரண்டாம் முறையும் ஓட்டலாம். கற்றுக்கொள்வது அந்த இரண்டாம் முறையில்தான். முதல் தடவை எல்லோரும் பயத்தோடு போராடுவார்கள், அடுத்த தடவைதான் பாறை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

பாறையில் தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள புகழ்பெற்ற ருபிக்கான் தடம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். அதைக் கடக்கவே பலர் நடுவில் இரவு தங்கிப் போகிறார்கள். முதல் பயிற்சி நாளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் நான்கைந்து நல்ல தடைகள் கிடைத்தால் தாராளம்.

அனுபவமுள்ள நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரே போதுமா, பயிற்சியாளர் வேண்டுமா?

அந்த நண்பர் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறார் என்று பார்க்காதீர்கள். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பாருங்கள். ‘கொஞ்சம் தள்ளு, நான் எடுத்துத் தருகிறேன்’ என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிடுபவர் ஓட்டுநர். பக்கத்தில் நின்று, ‘உன் பின் டயர் இப்போது எங்கே இருக்கும்? இறங்கிப் பார்த்துவிட்டு வா’ என்று அனுப்புபவர் பயிற்சியாளர். இரண்டாவது வகை ஆள் கிடைத்தால், அவர் வின்ச்சும் மீட்புக் கயிறும் முறையாகக் கையாளத் தெரிந்தவராகவும் இருந்தால், சின்னக் குழுவுக்குப் போதும். இல்லையென்றால் பணம் கொடுத்துத் தொழில்முறைப் பயிற்சியாளரை அழைப்பதே நல்லது.

என் வண்டியில் டிஃபரன்ஷியல் லாக்கர் இல்லை. வரலாமா?

தாராளமாக வாருங்கள். டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி; லாக்கர் அதைப் பூட்டி இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும். தொடக்கப் பயிற்சிக்கு லாக்கர் இல்லாத வண்டியைத்தான் நான் விரும்புவேன். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டால், எதிர்ப்பே இல்லாத அந்தச் சக்கரம் வீணாகச் சுற்றும். தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். அதனால் சக்கரம் தூக்காத வழியைக் கண்டுபிடிக்க ஓட்டுநர் கற்றே ஆக வேண்டும். லாக்கர் இருந்தால் மோசமான வழியிலும் வண்டி ஏறிவிடும், வழி மோசம் என்பதே தெரியாமல் போகும்.

விட்டுக்கொடுக்க முடியாதவை வேறு. வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் கட்டாயம் வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். முதல் கியர் விகிதம் 4, லோ ரேஞ்ச் 2.5, ஆக்சில் விகிதம் 4 என்றால், மூன்றையும் பெருக்கினால் 40. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது சக்கரம் 20 சுற்றுதான் சுற்றும். டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால் மணிக்கு மூன்று கிலோமீட்டரும் இல்லை. நடையைவிட மெதுவாக வண்டி தானே ஊர்ந்து போகும். லோ ரேஞ்ச் இல்லாவிட்டால் அதே ஐடிலில் ஏழு கிலோமீட்டர் வேகம். பாறை மேல் அது அதிகம். வேகத்தை அடக்க ஓட்டுநர் கிளட்சை மிதிப்பார், கிளட்ச் தீயும்.

முன்னும் பின்னும் சேஸிஸோடு பொருத்திய மீட்புக் கொக்கிகள், முழு அளவு ஸ்டெப்னி, பக்கவாட்டில் வெட்டு இல்லாத டயர் ஆகியவையும் கட்டாயம்.

வண்டியில் முந்தைய நாள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பேட்டரி கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. பாறையில் குலுங்கி பேட்டரி ஆடினால் வண்டி நடு ஏற்றத்தில் அணையும். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவுகள். ஸ்டியரிங் கம்பிகளின் முனைகளில் ஆட்டம் இருக்கிறதா என்று. எரிபொருள் முக்கால் டேங்குக்குக் குறையாமல் இருக்கட்டும், சரிவில் வண்டி சாயும்போது டேங்கில் கொஞ்சமே இருந்தால் பம்புக்கு எட்டாது.

உள்ளே இருக்கும் தளர்வான பொருள்கள் எல்லாவற்றையும் கட்டுங்கள். ஜாக்கி, டூல் பெட்டி, தண்ணீர்க் கேன், தீயணைப்பான் எல்லாம்தான். வண்டி சாயும்போது இவை தலையை நோக்கி வரும். அழகுக்காக மாட்டிய மெல்லிய ஃபுட்போர்டு இருந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எப்படியும் பாறை கழற்றும், அது கழற்றும்போது கதவையும் சேர்த்து நெளிக்கும்.

இடத்தை எப்படித் தேர்வு செய்வது?

முதலில் அனுமதி. நிலம் யாருடையதோ அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். காட்டு நிலம் என்றால் அதற்குரிய துறையிடம். ‘எல்லோரும் போகிறார்கள்’ என்பது அனுமதி ஆகாது.

அப்புறம், ஏற்பாட்டாளர் அந்த இடத்தை ஒரு வாரத்துக்குள் நேரில் நடந்து பார்த்திருக்க வேண்டும். வண்டியில் போய்ப் பார்த்தால் போதாது, நடக்க வேண்டும். நடக்கும்போது நான் கவனிப்பவை: ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில், ஏற்கெனவே உள்ள தடத்திலேயே, எளிய மாற்றுவழி இருக்கிறதா? வண்டி கவிழ்ந்தால் எவ்வளவு தூரம் உருளும்? நின்று பார்ப்பவர்களுக்கு மேட்டுப் பக்கம் இடம் இருக்கிறதா? உடைந்த வண்டியை இழுத்து வெளியே கொண்டுவர முடியுமா? ஆம்புலன்ஸ் எதுவரை வரும்? கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாவிட்டால் அந்த இடம் தொடக்கக்காரர்களுக்கு வேண்டாம்.

பாறையின் வகையும் முக்கியம். அமெரிக்காவின் மோவாப் பகுதி மணற்பாறையை அங்கே ‘ஸ்லிக்ராக்’, அதாவது வழுக்குப் பாறை என்பார்கள். இரும்பு லாடம் அடித்த குதிரைகளுக்கு அது வழுக்கியதால் வந்த பெயர் அது. ரப்பர் டயருக்கோ உலர்ந்த மணற்பாறையைப் போலப் பிடிப்பு தரும் தரை குறைவு. ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல் பாறைகள் இதற்கு நேர் எதிர். ஈரம் பட்டால் சோப்புதான். உடைந்து குவிந்த கற்கள் மிதிக்க மிதிக்க நகரும். முதல் நாளுக்கு நிலையாகப் பதிந்த, உலர்ந்த, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத பாறைகள் உள்ள இடத்தைத் தேடுங்கள்.

காலையில் வந்ததும் நேரே பாறைக்குப் போகலாமா?

கூடாது. முதல் ஒன்றரை மணி நேரம் சமதரையில். இதைக் குறைத்தவர்கள் எல்லோரும் மதியத்துக்கு மேல் அதன் விலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் செய்யவைக்கும் முதல் பயிற்சி இது. செங்கல் உயரமுள்ள ஒரு மரக்கட்டையைத் தரையில் போடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி, யார் உதவியும் இல்லாமல், முன் சக்கரம் ஒன்றை அந்தக் கட்டை மேல் ஏற்றி, உச்சியில் நிறுத்த வேண்டும். தாண்டி இறங்கிவிடக் கூடாது. முதல் தடவை பெரும்பாலோர் ஒரு அடி தள்ளி நிறுத்திவிட்டு, ‘ஏறிவிட்டேனே’ என்பார்கள். இறங்கி வந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த முகபாவம் மறக்காது. ஐந்தாவது முறையில் கட்டை இருக்கும் இடம் பிட்டத்தில் தெரிய ஆரம்பிக்கும். இருக்கை லேசாகச் சாய்வதை உடம்பு படிக்கும். அப்புறம் அதே கட்டையில் பின் சக்கரம். திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பாறையில் கதவுக்குக் கீழே அடிபடுவது பெரும்பாலும் இதை மறந்ததால்தான்.

அடுத்து, ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியல் குண்டு நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறதா? டேங்க் எங்கே, சைலன்சர் எங்கே? சாக்பீஸால் பம்பரில் ஒரு கோடு போட்டு வைத்தால் குண்டு எந்தப் பக்கம் என்று வெளியே நின்று வழி காட்டும் ஸ்பாட்டருக்கும் தெரியும்.

டயரில் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும்?

சாலையில் 32 பி.எஸ்.ஐ. வைத்து ஓடும் வண்டி என்றால் 20-இல் தொடங்குங்கள். பிடிப்பு போதவில்லை என்றால் 18. சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே இறக்க வேண்டாம். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் பீட்லாக் ரிம் வைத்திருப்பவர்கள் இன்னும் இறக்குவார்கள், அது வேறு கதை. கனமான வண்டிக்குச் சற்று அதிகம், இலகு வண்டிக்குச் சற்றுக் குறைவு.

காற்று குறைந்தால் டயர் பாறையின் முனையைச் சுற்றி மடிந்து பிடிக்கும், வண்டி குலுங்குவதும் குறையும். அதே சமயம் பக்கவாட்டு ரப்பர் வெளியே பிதுங்கும். அங்கேதான் கல் வெட்டும். பக்கவாட்டு வெட்டைப் பஞ்சர் குச்சி வைத்து நம்பகமாக அடைக்க முடியாது. ஆகவே காற்று இறக்கிய பிறகு வழியைத் தேர்வதில் கவனம் இன்னும் கூட வேண்டும்.

எல்லோரும் ஒரே அளவுமானியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொருவர் கையில் இருக்கும் மானியும் ஒவ்வொன்று சொல்லும். திரும்பிப் போகும்போது காற்று அடிக்கக் குழுவில் இரண்டு கம்ப்ரஸராவது இருக்கட்டும், ஒன்று சூடேறி நின்றுவிட்டாலும் சமாளிக்கலாம்.

ஸ்பாட்டர் என்பவர் யார்? கட்டாயம் வேண்டுமா?

வண்டிக்கு வெளியே நின்று, ஓட்டுநருக்குத் தெரியாத சக்கரங்களைப் பார்த்து வழி சொல்பவர். கட்டாயம் வேண்டும். ஒரே ஒருவர் மட்டும்.

இந்த ‘ஒரே ஒருவர்’ விஷயத்தில் நான் கறாராக இருக்கக் காரணம் உண்டு. ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் மேசை அளவு பாறை ஒன்றில் முன் சக்கரத்தை ஏற்றி நின்றிருந்தார். முன்னால் நின்ற ஸ்பாட்டர் நான். வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். பின்னால் நின்ற இன்னொரு நண்பர், நல்லெண்ணத்தில்தான், ‘இடது, இடது’ என்று கத்தினார். ஓட்டுநர் ஒரு கணம் கண்ணாடியைப் பார்த்தார், ஸ்டியரிங்கை நேராக்கினார், வண்டி அரை அடி இறங்கியது. கதவின் கீழ்ப்பட்டை நெளிந்தது, கதவு திறக்கவில்லை. யாருக்கும் காயமில்லை. அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டாவது குரல் கேட்ட அதே நொடியில் வண்டியை நிறுத்தச் சொல்வது. நானோ அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

அதிலிருந்து எங்கள் விதிகள் இவை. தடையில் வண்டி ஏறும் முன், ‘உனக்கு ஸ்பாட்டர் நான்’ என்று ஒருவர் சொல்ல வேண்டும், ஓட்டுநர் ‘சரி’ என்று பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, ஒரு சொல்லைத் தவிர: ‘நில்’. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், குழந்தைகூட. கேட்டால் ஓட்டுநர் காரணம் கேட்காமல் நிற்க வேண்டும். ஸ்பாட்டர் கண்ணுக்கு மறைந்தாலும் உடனே நிற்க வேண்டும்.

ஸ்பாட்டர் எங்கே நிற்பது? ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், நாலைந்து மீட்டர் தள்ளி. வண்டி நழுவினால் வரக்கூடிய பள்ளத்துப் பக்கத்தில் ஒருபோதும் கூடாது. வண்டிக்கும் பாறைக்கும் நடுவிலும் கூடாது. பின்னால் நடக்கும்போது தன் காலடியைப் பார்க்கவும் வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு நகருங்கள், பின்பக்கமாக நடந்துகொண்டே வழி காட்டாதீர்கள்.

பயிற்சி நாளில் எல்லோரும் மாறி மாறி ஸ்பாட்டர் ஆகட்டும். இரண்டு வண்டிக்கு வழி காட்டியவர், தன் முறை வரும்போது எவ்வளவு தெளிவாக ஓட்டுகிறார் என்று பாருங்கள்.

கைச்சைகைகளுக்கு ஏதாவது பொது விதி உண்டா?

உலகம் முழுக்க ஒரே சைகை என்று எதுவும் இல்லை. காலையிலேயே பேசி முடிவு செய்யுங்கள், நாலைந்து போதும். எங்களுடையவை: மூடிய முஷ்டி என்றால் நில். விரல்களை உள்பக்கம் மடக்கி அழைத்தால் மெதுவாக வா. கையை ஒரு பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பு. உள்ளங்கையை எதிரே காட்டித் தள்ளினால் பின்னால் போ. இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி, இன்னும் எவ்வளவு தூரம் என்பதைக் காட்டும்.

வாயால் சொல்லும்போது இடது, வலது வேண்டாம். எதிரெதிரே நிற்பவர்களுக்கு அது குழப்பும். ‘டிரைவர் பக்கம்’, ‘பயணி பக்கம்’ என்று சொன்னால் யாருக்கும் தவறாது.

ஓட்டுபவருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது என்ன?

இறங்கி நடக்க. தடை முழுவதையும் காலால் நடந்து பார்த்துவிட்டு, ‘முன் சக்கரம் இங்கே, அப்புறம் இங்கே, பின் சக்கரம் இந்த இடத்தில்’ என்று விரல் நீட்டிச் சொல்லிய பிறகுதான் வண்டியில் ஏற வேண்டும். சொல்ல முடியாவிட்டால் இன்னொரு முறை நடக்கட்டும்.

பெரிய பாறையை இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விட்டுத் தாண்டலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அது டிஃபரன்ஷியலையோ டேங்கையோ தேடி வரும். பாறை மேலேயே டயரை ஏற்றுங்கள். டயர் ஏறினால் அதனோடு வண்டியின் அடிப்பாகமும் உயரும். வண்டியிலேயே பாறையில் பட வேண்டிய உறுப்பு டயர் ஒன்றுதான்.

ஸ்டியரிங் பிடிக்கும்போது கட்டை விரல்கள் வளையத்துக்கு வெளியே, விளிம்பின் மேல் இருக்கட்டும். சக்கரம் பாறையில் இடித்து ஸ்டியரிங் சட்டென்று திருகினால் உள்ளே இருக்கும் விரல் முறியும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டிகளில் இன்னும் மோசம். கண்ணாடியை இறக்கி வையுங்கள், ஸ்பாட்டரின் குரல் கேட்க. கை மட்டும் வெளியே போகவே கூடாது. சீட் பெல்ட், நடை வேகமானாலும் கட்டாயம்.

மேனுவல் கியர் வண்டியில் கிளட்சை எப்படிக் கையாள்வது? ஆட்டோமேட்டிக் என்றால்?

மேனுவலில்: லோ ரேஞ்ச், முதல் கியர், கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஐடிலிலேயே வண்டி ஏறட்டும். பாதி மிதித்த கிளட்ச்தான் பாறையில் முதலில் சாகும் பாகம். எரிந்த வாடை வந்தால் நிறுத்தி, ஆறவிட்டு, வழியை மாற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் வலது கால் ஆக்சிலரேட்டரில், இடது கால் பிரேக்கில். இரண்டையும் லேசாகச் சேர்த்து அழுத்தினால் சக்கரம் பாறை உச்சியைத் தாண்டியதும் வண்டி தடாலென்று விழாமல் மெல்ல இறங்கும். பழகாத இடது கால் முதலில் பிரேக்கைக் கிளட்ச் போல ஓங்கி மிதிக்கும். அதனால் இதையும் சமதரையில் பழகிய பிறகே பாறைக்கு. சில புது வண்டிகளில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் எஞ்சின் விசையைக் கணினி குறைத்துவிடும், அதையும் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஏற்றத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டால்?

பிரேக்கைப் பிடியுங்கள். ரிவர்ஸ் கியர் போடுங்கள், லோ ரேஞ்சிலேயே. வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். நடுச்சரிவில் வண்டியைத் திருப்ப முயல்வதுதான் கவிழ்வதற்கு மிகச் சுலபமான வழி. நியூட்ரலில் விட்டு இறங்காதீர்கள். இதைச் சின்னச் சரிவில் எல்லோரும் வேண்டுமென்றே மூன்று முறை செய்து பார்க்கட்டும், தோல்வி பழகிவிட்டால் பதற்றம் வராது.

இறக்கத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்க ஆரம்பித்தால் பிரேக்கைத் தளர்த்தி, லேசாக ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டும். மனசு எதிராகச் சொல்லும். ஆனால் சக்கரம் உருண்டால்தான் ஸ்டியரிங் கேட்கும்.

வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கவிழப் போகிறது என்றால்?

முன் சக்கரங்களைப் பள்ளத்துப் பக்கம் திருப்புங்கள், இடம் இருந்தால் மெல்ல அந்தப் பக்கம் ஓட விடுங்கள். மீறிக் கவிழ்ந்தால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், கையை வெளியே ஊன்றாதீர்கள். வெளியே நிற்பவர்கள் வண்டியைக் கையால் தாங்கிப் பிடிக்க ஓடக் கூடாது. இதைக் காலையிலேயே ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நல்ல நண்பர்கள் எல்லோரும் ஓடத்தான் செய்வார்கள். கவிழ்ந்த வண்டியில் முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். பெல்ட்டை அவிழ்க்கும் முன் ஒரு கையால் உடம்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

மாட்டிக்கொண்ட வண்டியை எப்படி மீட்பது?

முதலில் ஐந்து நிமிடம் எதையும் செய்யாதீர்கள். தொட்டுக்கொண்டிருப்பது எது என்று குனிந்து பாருங்கள். பாதிச் சமயம் சக்கரத்துக்கு அடியில் இரண்டு கல் வைத்தால் வண்டி தானே வந்துவிடும். ஜாக்கியால் தூக்கிக் கல் வைப்பதென்றால், தூக்கிய வண்டிக்குக் கீழே உடம்பின் எந்தப் பாகமும் போகக் கூடாது.

இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பாறையில் என் தேர்வு வின்ச். இழுபடும்போது ரப்பர் போல நீளும் கைனடிக் கயிறு மணலுக்கும் சேற்றுக்கும் அருமையானது. அது ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு, சேர்த்த விசையை ஒரே மூச்சில் விடும். பாறை இடுக்கில் கவ்விய சக்கரத்துக்கு அந்த ஒரே மூச்சு போதும், ஆக்சிலைப் பிடுங்கிவிட. வின்ச் அங்குலம் அங்குலமாக இழுக்கும், நடுவில் நிறுத்திப் பார்க்கலாம்.

வின்ச்சின் திறன் சுமையேற்றிய வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். 2,200 கிலோ வண்டிக்கு 3,300 கிலோ. பெட்டியில் எழுதியிருக்கும் எண், உருளையில் கயிற்றின் முதல் அடுக்குக்கு மட்டும். மேலே அடுக்கு ஏற ஏற இழுவிசை குறையும். கப்பி ஒன்றைச் சேர்த்துக் கயிற்றைத் திருப்பி மாட்டினால் இழுவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். மரத்தில் கட்டும்போது அகலப் பட்டையைச் சுற்றிக் கட்டுங்கள். வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும்.

டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் மீட்புக் கயிற்றை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்து குண்டு போலப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிளில், தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். முக்கால் அங்குல ஷாக்கிள் என்றால் வழக்கமாக 4.75 டன். எண் இல்லாத ஷாக்கிளை வீட்டிலேயே வையுங்கள். கயிற்றின் நடுவில் கனமான போர்வையோ பையோ போடுங்கள், அறுந்தாலும் வேகம் தணியும். கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லோரும் விலக வேண்டும். விறைத்த கயிற்றை யாரும் தாண்டக் கூடாது.

இதையும் ஒரு பயிற்சியாகவே நடத்துங்கள். நன்றாக ஓடும் வண்டியை நிறுத்தி, மாட்டிக்கொண்டதாகப் பாவித்து, எல்லோரும் ஒருமுறை கயிறு கட்டிப் பழகட்டும்.

வாக்கி டாக்கி வேண்டுமா?

வேண்டும், வண்டிக்கு ஒன்று. எந்த அலைவரிசைக்கு உரிமம் தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும், முன்பே விசாரியுங்கள். தடையில் வண்டி இருக்கும்போது அதில் அரட்டை கூடாது.

அவசரத்துக்கு என்ன ஏற்பாடு?

ஒரு தாளில் எழுதி எல்லா வண்டியிலும் வையுங்கள்: இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்கள், விபத்துச் சிகிச்சை வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனை, அதற்கான வழி, செல்போன் சிக்னல் கிடைக்கும் கிட்டத்து இடம். யாருக்கு என்ன ஒவ்வாமை, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதும். சிக்னலே இல்லாத இடம் என்றால் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் இருக்க வேண்டும். முதலுதவிப் பயிற்சி பெற்றவர் இரண்டு பேர் வேண்டும். ஒருவரே என்றால், அடிபட்டவர் அவராகவே இருந்துவிடலாம். ஒரு வண்டி எப்போதும் வெளியே போகும் திசையில், முன்னால் எதுவும் மறிக்காமல் நிற்கட்டும்.

மழை பெய்தால்?

தள்ளிவையுங்கள். தேர்ந்தவர்கள் ஈரப் பாறையில் ஓட்டுவார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அது தவறான பாடத்தைத்தான் தரும்.

குழுவில் ஒருவர் பயந்துபோய் ஓட்ட மறுக்கிறார். என்ன செய்வது?

மறுப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு...’ என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். கேலிக்குப் பயந்து ஏறியவர் ஓட்டும் வண்டிதான் குழுவிலேயே ஆபத்தான வண்டி. மாற்றுவழியில் போகட்டும்; அடுத்த தடையில் அவரை ஸ்பாட்டர் ஆக்குங்கள். நான்கு சக்கரமும் எங்கே உட்காருகிறது என்று வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பலர் தாங்களாகவே சாவியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாறைகளை நகர்த்தி வழி செய்துகொள்ளலாமா?

சக்கரத்துக்கு அடியில் அடுக்கிய கற்களைக் கடைசி வண்டி தாண்டியதும் எடுத்த இடத்திலேயே வையுங்கள். தடையைச் சுற்றிப் புதுத்தடம் போடாதீர்கள். இரண்டு பருவத்தில் அது சாலையாகி, மழைநீர் அதில் ஓடி மண்ணை அரிக்கும். அமெரிக்க வனத்துறை 1985-இல் ‘ட்ரெட் லைட்லி’, அதாவது மெல்ல மிதி என்ற பெயரில் ஓர் இயக்கத்தையே இதற்காகத் தொடங்க வேண்டியிருந்தது. பாறையில் ஆயில் சிந்தினால் துடைத்தெடுக்கத் துணியும் உறிஞ்சுபொருளும் பெட்டியில் இருக்கட்டும். எத்தனையோ தடங்கள் மூடப்பட்டது முன்னால் போனவர்களின் அலட்சியத்தால்தான்.

காப்பீடும் ஒப்புதல் படிவமும்?

பல வாகனக் காப்பீடுகள் சாலைக்கு வெளியே நேரும் சேதத்தை ஏற்பதில்லை. உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பங்கேற்பவர்களிடம் ஒப்புதல் படிவம் வாங்குவது நல்லதுதான், ஆனால் அந்தக் கையெழுத்து ஏற்பாட்டாளரின் கவனக்குறைவை எல்லா இடத்திலும் மன்னித்துவிடாது.

பயிற்சி முடிந்து கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

களைப்பில் எல்லோரும் அவசரப்படுவார்கள். அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். பிறகு ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் வேறொருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும், சொந்தக்காரர் அல்ல. பிரேக் குழாய் நசுங்கியிருக்கிறதா, ஆயில் சொட்டுகிறதா, ஸ்டியரிங் கம்பி வளைந்திருக்கிறதா, டயரின் உள்பக்கத்தில் வெட்டு இருக்கிறதா? சக்கர நட்டுகளை இறுக்கிவிட்டு, முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். லோ ரேஞ்சிலிருந்து வெளியே வந்தாயிற்றா, லாக்கர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சமதரையில் பத்து மீட்டர் ஓட்டி பிரேக் அடித்துப் பார்த்த பிறகே சாலையில் ஏறுங்கள். கடைசி வண்டி வீடு போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை ஏற்பாட்டாளர் போனை அணைக்கக் கூடாது.